சுலோஜனாவின் வயலும் வினாயகமூர்த்தியின் சத்தமும்

தேர் நிலைக்கு வந்த பிறகு வடம் பிடிக்க ஓடுகிற ஆள் வினாயகமூர்த்தி. இது அவருடைய பெண்சாதி சுலோஜனாவின் முடிவு. இருபது வருடக் குடித்தனத்தில் அதை மாற்றிக்கொள்ள அவர் அவளுக்கு ஒரு சந்தர்ப்பமும் கொடுக்கவில்லை.

படுவான்கரை ஊர்களில் வீடும் காணியும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை அதைத் தேடி வருவார். வினாயகமூர்த்தி வரும்போது கொண்டுவந்தது, வாடகைக்குப் பாட்டுப் போட ஒரு அம்பிளிபயரும் இரண்டு புனல் ஸ்பீக்கரும் ஒரு பெட்டி கசெற்றும். ஊர் கசெற்றைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஊர் பென்ட்ரைவுக்குப் போன பிறகு சிடி எழுதும் மெஷின் வாங்கினார். ஊர் போனில் பாட்டுக் கேட்கத் தொடங்கிய பிறகு பென்ட்ரைவுகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சாமியின் பெயரை எழுதி ஒட்டினார். சிடிகளைச் சுலோஜனா நூலில் கட்டி மிளகாய்த் தோட்டத்தில் தொங்கவிட்டிருக்கிறாள். அந்த மினுக்கத்துக்குக் குருவிகள் கிட்ட வருவதில்லை. அவர் வாங்கியதில் ஒழுங்காக வேலை செய்வது அது ஒன்றுதான்.

கண்ணகை அம்மன் சடங்கில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடிக்கு உரியது. குடி என்பது தாய்வழியாக வருகிற சொந்தக் கூட்டம். யாருடைய நாளில் சத்தம் பெரிது என்பதில் குடிகளுக்குள் ஓயாத போட்டி. போன வருடம் ஒரு குடியார் டவுனிலிருந்து லொறியில் பெரிய சவுண்ட் செற் ஒன்றை இறக்கினார்கள். ஸ்பீக்கர் பெட்டிகள் குலை குலையாக மேலே தொங்கின. ஒருவன் மரத்தடியில் குந்தியிருந்து டெப் திரையை விரலால் தடவச் சத்தம் கூடிக் குறைந்தது. வினாயகமூர்த்திக்கு அன்று சோறு இறங்கவில்லை. சுலோஜனா அவருடைய பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

இந்த வருடம் அவருடைய குடியார் கூடியபோது, கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் முன்னால் எழுந்து நின்று, நம்மட நாளுக்கு நானே புதுச் செற் வாங்கி இறக்குகிறேன் என்று சொல்லிவிட்டார். எருமை வாங்கும் முன்னமே நெய்க்கு விலை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கரடியனாற்று வயலை விற்கவேண்டும் என்று அவளிடம் சொன்னார்.

அந்த வயல் சுலோஜனாவுக்குத் தாய் கொடுத்தது. நாளைக்கு அவளுடைய மகளுக்குப் போகவேண்டியது. அவருடைய குடி வேறு, அவளுடைய குடி வேறு. தன் தாயின் குடிக்குச் சத்தம் காட்ட, பெண்சாதியின் தாய் கொடுத்த வயலை விற்க யோசித்த முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். அவள் கையெழுத்து வைக்காமல் ஒரு வரம்பும் நகராது. அவள் சண்டை பிடிக்கவில்லை. செற் வாங்கப்போகிற கடையை ஒருதரம் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

காத்தான்குடிக் கடையில் ஷாமில் என்கிற பெடியன் பெட்டிகளைத் தட்டித் தட்டிக் காட்டினான்.

“இனிப் பாட்டெல்லாம் இந்தப் புது ஃபோமற்லதான் வரும், அக்கா. சத்தம் ஆக்களச் சுத்திச் சுத்தி வரும்.”

“கோயில் வளவுல ஆக்கள் ஐஸ்கிறீம் வண்டியச் சுத்தித்தான் வருவாங்க,” என்றாள் சுலோஜனா. “இதுக்குப் பிறகு வேற புதுசு வராதா, தம்பி?”

“வராம இரிக்குமா? ரெண்டொரு வருசத்துல வந்திரும். பயப்பிடாதீங்க, நாங்க மாத்தித் தருவம்.”

“வயல ஆரு மாத்தித் தருவா?”

ஷாமில் வினாயகமூர்த்தியைப் பார்த்தான். அவர் குனிந்து, ஒரு பெட்டியின் பின்பக்கத்தில் வயர் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு பெட்டிக்கும் கோயில் லைன் தாங்குமா என்று அவள் கேட்டாள். தாங்காது, ஜெனரேட்டர் வேண்டும், அது எங்களிடம் இல்லை, செற் எடுக்கிறவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றான். சுலோஜனாவுக்குத் தேவையானது அவ்வளவுதான். கசெற் போய்ச் சிடி வந்தது, சிடி போய்ப் பென்ட்ரைவ் வந்தது. எது வந்தாலும் கரண்ட் இல்லாமல் முனகக்கூட மாட்டாது.

அறுவடை முடிந்ததும் நெல் விற்ற காசில் அவள் ஜெனரேட்டர் வாங்கினாள். வயல் வயலாகவே கிடந்தது. வினாயகமூர்த்தி ஜெனரேட்டரைச் சுற்றி வந்து பார்த்தார்.

“நெல்லுக் குத்துற மிஷின் மாதிரிக் கிடக்கு. இதுல என்ன பாட்டுக் கேக்கிற?”

“பாட்ட வாறவன் கொண்டு வருவான்,” என்றாள் அவள்.

சடங்கு வரை அவர் அவளுடன் கதைக்கவில்லை. வீட்டில் நிம்மதியாக இருந்தது. புதுச் செற் வராது என்று தெரிந்த அவருடைய குடியார் டவுனில் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். அவர்களுடைய நாளன்று காலை லொறி வந்து இறங்கியதும் அதன் ஆள் கேட்ட முதல் கேள்வி, ஜெனரேட்டர் எங்கே என்பது. அதை வாடகைக்குக் கேட்டு வண்ணக்கரே சுலோஜனாவின் வாசல் படலைக்கு வந்து நின்றார்.

இரைச்சல் கோயிலுக்குக் கேட்கக்கூடாது என்று ஜெனரேட்டரை ஆற்றோரக் கண்ணா மரங்களுக்குப் பின்னால் வைத்தார்கள். வினாயகமூர்த்தி அதற்குக் காவல் இருந்தார். வந்து போனவர்களிடமெல்லாம், இது நான் போட்ட திட்டம் என்று தொண்டை கிழியக் கத்தினார். இவ்வளவு காலமும் சத்தம் விற்ற மனுசனுக்கு அன்று ஒரு பாட்டும் காதில் விழவில்லை.

சுலோஜனா தேத்தண்ணி கொண்டுபோனாள்.

“செற் எப்பிடிப் புள்ள கேக்குது?” என்று கத்தினார்.

நல்லாக் கேக்குது என்று தலையாட்டினாள்.

“வாற வருசம் இதவிடப் பெரிசு ஒண்டு வருதாம்.”

“வரட்டும்,” என்றாள். குனிந்து டீசல் கானைத் தூக்கி, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஆட்டிப் பார்த்தாள்.