பத்தரை ராத்தல் பிள்ளை

நாற்று நடும்போது தாகம் எடுப்பது புதிதல்ல. ஆனால் அந்த வருஷம் எவ்வளவு தண்ணீர் குடித்தும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அடிக்கடி சிறுநீர் கழிக்க வரப்போரம் ஒதுங்கினேன். மூன்றாவது பிள்ளை வயிற்றில். எனக்கு முப்பத்தாறு வயது. உத்திரமேரூர் பக்கத்தில் நானும் என் கணவர் தேவசகாயமும் வயல்கூலிகள்.

ஏழாம் மாதமே நிறைமாத வயிறு போலிருந்தது. என் இரண்டாவது மகளும் பெரிய குழந்தைதான். அந்தப் பேற்றில் நான் பட்ட பாட்டை மறந்து, அவள் கொழுகொழுவென்று பிறந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

குறித்த நாள் கடந்து பத்து நாள் கழித்துத்தான் வலி கண்டது. மருத்துவச்சி வந்தாள். தலை வெளியே வந்தது, தோள் வரவில்லை. தோள் சிக்கல் (தலைக்குப் பின் தோள்கள் இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்வது) என்ற பெயரெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அவள் போராடி எடுத்தபோது பிள்ளை அழவில்லை.

எனக்கு ரத்தம் நிற்கவில்லை. மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். துண்டில் சுற்றிய பிள்ளையைக் கணவர் மடியில் வைத்திருந்தார்.

அங்கே பிள்ளையை எடைபோட்டார்கள். பத்தரை ராத்தல் (ஏறக்குறைய நாலே முக்கால் கிலோ). என் சிறுநீரை நீலத் திரவத்தில் கலந்து சூடாக்கினார் டாக்டரம்மா. அது செங்கல் நிறமானது. நீரிழிவு (ரத்தத்தில் சர்க்கரை மிகுவது) என்றார். வயது, முன்பே ஒரு பெரிய குழந்தை, நாள் கடந்தது எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

"நான் ரொம்பத் துன்னதாலயாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. உன் ரத்தத்துல இருந்த சர்க்கரை அவனுக்கும் போயிருக்கு. அதான் அப்படி வளந்துட்டான். உனக்குத் தெரிய வழியில்ல."

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடந்தேன்.

அடக்கத்துக்கு எடுக்கும்முன் கணவர் என் கட்டிலருகே வந்தார். "பேரு வெக்காம பொதைக்க மனசு வரல" என்றார். மாசிலாமணி என்றேன். அவர் பிள்ளையின் காதில் அதைச் சொன்னார்.

முந்தைய குழந்தை பெரிதாகப் பிறந்திருந்தால், வயிறு மாதத்தை மீறி வளர்ந்தால், தாகம் அடங்காவிட்டால், தாய்மார்களே, வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். சிறுநீரைச் சோதியுங்கள்.

மூன்றாம் நாள் பால் சுரந்தது. பிள்ளை இல்லை என்பது உடம்புக்கு எட்டவில்லை. மார்பைத் துணியால் இறுகக் கட்டினார்கள்.

என் மகள்களும் தாயாகிவிட்டார்கள். இப்போதும் எங்காவது பச்சைக்குழந்தை அழுதால் மார்பு கனக்கிறது. கை தானாக அங்கே போகிறது. அந்த நொடியில் அவன் பிறந்து மூன்று நாள்தான் ஆகியிருக்கிறது.