சைத்தூன் கடையெல்லாம் எறங்கு

கும்பகோணத்திலிருந்து குடவாசல் போகும் வழியில் இருக்கும் அந்த வளைவுக்கு முன்பெல்லாம் சுடுகாட்டு முக்கு என்றுதான் பெயர். பெயரில் தப்பில்லை, சுடுகாடு அங்கேதான் இருக்கிறது. ஆனால் கல்யாணப் புடவை எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களும், ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைப்பிள்ளையோடு வருகிறவளும் சுடுகாட்டு முக்குக்கு டிக்கெட் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்பார்களா? அடுத்த ஸ்டாப்பிங்குக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு, வளைவு வந்ததும் இங்கேயே இறங்கிக்கொள்கிறோம் என்பார்கள். கண்டக்டர் பஞ்சநதத்துக்கு இது தினசரி ரோதனை.

புருஷன் முபாரக் போன பிறகு, கைப்பிள்ளையோடு நின்ற சைத்தூன் பீவி அந்த முக்கில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார். சுடுகாட்டுப் பக்கத்தில் டீக்கடையா, யார் வந்து குடிப்பார்கள் என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களும் வந்து குடித்தார்கள். இஞ்சி தட்டிப் போட்ட டீ, பக்கத்தில் சுடச்சுட மசால்வடை. நடவுக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போவார்கள்.

பஞ்சநதம் ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே அவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மறு நடையிலேயே படியில் தொங்கியபடி, "சைத்தூன் கடையெல்லாம் எறங்கு!" என்று குரல் விட்டார். அவ்வளவுதான், ஜனங்கள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

சைத்தூனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குடும்பத்துப் பொம்பளை பெயரை ரோட்டில் ஏலம் போடுகிறார்களே என்று கொழுந்தனார் வந்து குதித்தார். சைத்தூனே போய்ப் பஞ்சநதத்திடம் நிறுத்தச் சொன்னார்.

"நான் நிறுத்திப்புடுவேம்மா. ஜனங்க நிறுத்தணுமே" என்றார் அந்த மனுஷர்.

இதில் சைத்தூன் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. முபாரக் இருந்தவரை 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிட்டான். மாமியாருக்கு அவர் பெரியவன் பொண்டாட்டி. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அவருடைய அம்மா ஒருத்திதான். அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பெயர் பஸ்ஸில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. பஞ்சநதத்தைத் திட்டிக்கொண்டே, பஸ் வரும் நேரத்துக்குக் காதைத் தீட்டிவைத்துக்கொண்டு காத்திருப்பார்.

ரோட்டை அகலப்படுத்தியபோது கடை போயிற்று. இப்போது கும்பகோணத்தில் மகன் ஜெக்கரியா வீட்டில் இருக்கிறார். மருமகளுக்கு மாமி, பேரப்பிள்ளைகளுக்கு ராதிமா, தெருவுக்கு ஜெக்கரியா அம்மா. சோறு தண்ணிக்கு ஒரு குறையும் இல்லை.

போன மாசம், அந்தக் காலத்தில் தினமும் டீ வாங்கிய ராமாயி வீடு தேடி வந்து ஒரு சேதி சொன்னார். முக்கில் புதுசாக நிழற்குடை கட்டியிருக்கிறார்கள். என்ன பெயர் எழுதுவது என்று கிராமசபையில் பேச்சு வந்ததாம். தாலுகா ஆபீஸ் ரெக்கார்டில் மயானச் சாலை என்று இருக்கிறது. அதை எழுதினால் எவன் உள்ளே உட்காருவான்? சைத்தூன் கடை என்றே எழுதுங்கள் என்று ராமாயி எழுந்து சொல்லியிருக்கிறார். கடையே இல்லை, கடைப் பெயர் எதற்கு என்று வாயை அடைத்துவிட்டார்கள். கடைசியில், பணம் கொடுத்தவருடைய அப்பா பெயரில் 'இராஜாங்கம் நிழற்குடை' என்று பெரிய எழுத்தில் எழுதியாகிவிட்டது.

"நல்ல மனுசரு. இருந்துட்டுப் போவட்டும்" என்றார் சைத்தூன். ராமாயி போன பிறகு அடுப்படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி எந்தப் பஸ்ஸும் தன்னைக் கூப்பிடப் போவதில்லை என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அந்த வாரமே, கடைக்குப் பின்னால் தான் நட்ட முருங்கையில் கீரை பறித்து வருகிறேன் என்று மருமகளிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். கும்பகோணத்தில் கிடைக்காத முருங்கைக்கீரையா! மருமகள் ஒரு பையை எடுத்துக் கொடுத்தாள்.

பஞ்சநதம் வேலையில் இருந்தவரை சைத்தூன் டிக்கெட்டுக்கு ஊர் சொன்னதே இல்லை. எங்கே இறக்கிவிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தன் பெயரைத் தானே சொல்லிக் கேட்க இவருக்கும் கூச்சம். இந்தக் கண்டக்டர் அவருக்குப் புதுசு. பெண்களுக்குக் கொடுக்கிற இலவச டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கேம்மா என்று நின்றான்.

"இராஜாங்கம் நிழற்குடை" என்றார்.

அவன் முழித்தான். இத்தனை நாளாக இந்த ரூட்டில் ஓடுகிறேன், அப்படி ஒரு ஸ்டாப்பிங்கே கிடையாதே என்றான். டிரைவரைக் கேட்டான், அவருக்கும் தெரியவில்லை. பாலம் தாண்டி, சுடுகாட்டுப் பக்கம் ஒரு வளைவு வருமே என்று சைத்தூன் அடையாளம் சொல்ல வேண்டியதாயிற்று.

"அட, சைத்தூன் கடையா? அத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

டிக்கெட்டைக் கையில் திணித்தான். வெளியூர் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது, இனிமேல் சைத்தூன் கடை என்றே கேளுங்கள், யாரைக் கேட்டாலும் தெரியும் என்று அவருக்கே பாடம் நடத்திவிட்டுப் போனான். சைத்தூனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. எதையும் அடக்க அவர் பார்க்கவில்லை.

பாலம் தாண்டி வளைவு வந்தது. கண்டக்டர் விசில் அடித்தான்.

"சைத்தூன் கடை! சைத்தூன் கடையெல்லாம் எறங்கு!"

நாலைந்து பேர் கூடைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். சைத்தூன் பீவியும் கம்பியைப் பிடித்து எழுந்தார். சின்ன வயசில் வாசலிலிருந்து அம்மா கூப்பிட்டால் கொல்லையிலிருந்து குரல் கொடுப்பாரே, அதே மாதிரி, "தோ வந்துட்டேன்" என்றார்.