லைன் நின்றால் ஒலிக்கும் பாட்டு

தமிழ்த் திரையிசை ஒரு குறிப்பிட்ட ஆண்டோடு முடிந்துவிட்டது என்பது என் கருத்து. நான் டிப்ளமோ முடித்ததும் அதே ஆண்டுதான் என்பது வெறும் தற்செயல். அதன் பிறகு வந்ததெல்லாம் சத்தம். தாம்பரத்திலிருந்து ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் இதைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கிக்கொண்டு வருவேன். படப்பையில் ஆரம்பித்தால் கேட் வரும்வரை ஓயமாட்டேன். ஓடுகிற பஸ்ஸிலிருந்து யாரும் எழுந்து போக முடியாது. ஒரு பேச்சாளனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

எனக்கு எல்லாவற்றின் மேலும் கருத்து இருந்தது. பல்லவியில் இங்கிலீஷும் சரணத்தில் இருமலுமாக வரும் காதல் பாட்டுகள் மேல். பனிமலையில் நாயகன் கம்பளிக் கோட்டோடு ஆட, நாயகி மட்டும் மெல்லிய சேலையில் நடுங்கும் ஏற்பாட்டின் மேல். நல்ல பாட்டின் முன்னிசை தொடங்கியதும் அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்து வானிலை பேசும் எஃப்.எம். பெண்மணிகள் மேல். முன்னிசை என்றால் எனக்கு உயிர். அதிலும் ஒரு பாட்டின் முன்னிசை. வெறும் புல்லாங்குழல், அதன் பின்னால் மெல்ல வந்து சேரும் வயலின்கள். அதை என் கல்யாணத்துக்கென்றே எடுத்துவைத்திருந்தேன். வரவேற்பு மேடையில் மனைவியோடு ஏறும்போது ஆர்கெஸ்ட்ரா அதை வாசிக்க வேண்டும். பெண் இன்னும் கிடைக்கவில்லை. பாட்டு தயாராக இருந்தது.

என் பக்கத்து சீட்டில் ஒரு திருநெல்வேலிக்காரன். ஸ்ரீபெரும்புதூரில் நண்பர்களோடு ரூம் எடுத்திருந்தவன், வாரக்கடைசியில் தாம்பரத்து அக்கா வீட்டில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை எங்கள் பஸ்ஸில் வருவான். குத்துப்பாட்டு ரசிகன்.

"அண்ணாச்சி, ஒங்க பாட்டு நல்லாத்தான் இருக்கு. கேக்கையில கொட்டாவி வருது, அதுக்கு என்ன செய்ய?"

"அது கொட்டாவி இல்லப்பா, நிம்மதி."

"அப்ப எங்க சூப்பர்வைசர் மீட்டிங்லயும் நிம்மதியாத்தான் இருந்துருக்கேன் போல."

நாங்கள் செய்தது கார் கதவுக்கான பூட்டு. அசெம்பிளி லைனில் கோளாறு என்றால் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். மஞ்சள் விளக்கு எரியும், ஒரு மெட்டு ஒலிக்கும், லைன் லீடர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவார். சரியானதும் கயிற்றை மறுபடி இழுத்தால் மெட்டு நிற்கும். நான் குவாலிட்டி செக்கிங். ஆகவே அதிகம் இழுத்தது நான்தான்.

பக்கத்தில் இரண்டாவது லைன் வந்தபோது இரண்டுக்கும் ஒரே மெட்டு. அங்கே இழுத்தால் இங்கே ஓடினார்கள். எங்கள் லைனுக்குத் தனி மெட்டு வேண்டும் என்று மேனேஜர் முடிவெடுத்தார். "பஸ்ல மியூசிக் பத்தி க்ளாஸ் எடுக்கிறது நீங்கதானே?" என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார். இப்படி ஓர் அழைப்புக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்பது அந்த மனிதருக்குத் தெரியாது.

திருநெல்வேலிக்காரன் அப்போது ஊரெல்லாம் அலறிக்கொண்டிருந்த ஒரு குத்துப்பாட்டைச் சொன்னான். "அதக் கேட்டா ஓடுறதுக்குக் காலு தானா வரும் அண்ணாச்சி." நான் சிரித்தேன். தொழிற்சாலையில் ஒலிக்கும் மெட்டு மனிதனைப் பண்படுத்த வேண்டும் என்று ஆரம்பித்து, வேகத்தில் என் முன்னிசையையே தூக்கிக் கொடுத்துவிட்டேன். பராமரிப்புக்காரர்கள் அதை மின்னணு சிப்பில் ஏற்றினார்கள். புல்லாங்குழலும் வயலினும் சேர்ந்து 'பீப்' ஆகியிருந்தன. இருந்தாலும் முதல் தடவை கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. கோணலான பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதம் புது மாடல் ஆரம்பித்தது. புது மாடல் என்றால் எதுவும் எதனோடும் பொருந்தாது. காலையில் ஆரம்பித்தால் ஷிஃப்ட் முடியும்வரை என் முன்னிசைதான். எங்கள் லைன் லீடர் மணிமங்கலத்துக்காரர், கொஞ்சம் கனத்த உடம்பு. மூச்சு வாங்க என்னிடம் வந்தார்.

"இன்னா சார், இன்னாத்துக்கு சார் இந்தப் பாட்டு? நேத்து வூட்ல டிவில இது வந்துச்சு. தட்ட வுட்டுட்டு எழுந்து ஓடிக்கினு கீறேன். எங்கய்யா போறன்னு பொண்டாட்டி கேக்குது. எனுக்கே தெரியல."

கேன்டீனில் யாருடைய செல்போனோ அதே மெட்டில் அடித்தது. மேஜை முழுவதும் சாம்பார் சாதத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து மேலே பார்த்தது. நானும்தான். எனக்குள் என்னவோ சரிந்தது அப்போதுதான். ஏனென்றால் அந்த வாரம் வாலாஜாபாத்தில் எனக்குப் பெண் பார்த்து முடிந்திருந்தது. அவளிடம் போனில் பேசிய முதல் விஷயமே இந்தப் பாட்டு. "நாம மேடைல ஏறும்போது கேளுங்க" என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். "எனக்கும் அது ரொம்பப் பிடிக்கும்" என்றாள். பின்வாங்க வழியில்லை.

மேனேஜரிடம் ஓடினேன். மெட்டை மாற்றச் சொன்னேன். வேண்டுமானால் அந்தக் குத்துப்பாட்டையே வைக்கலாம், அதுவும் மண்ணின் இசைதான் என்றேன். திருநெல்வேலிக்காரன் பக்கத்தில் இல்லை, தப்பித்தேன்.

"எதுக்கு மாத்தணும்? இந்த ட்யூனுக்கு ஓடுற மாதிரி நம்ம ஆளுங்க எதுக்குமே ஓடினதில்லை" என்றார் மேனேஜர். அந்த இசையமைப்பாளருக்குக் கிடைத்த பாராட்டுகளில் இது எத்தனையாவது இடத்தில் வரும் என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன்.

கல்யாணம் வரை அந்தப் பாட்டை வீட்டில் போடவில்லை. பத்தியம் இருந்தால் பழைய ருசி திரும்பும் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் லைனில் தினமும் ஒலித்தது, நானே இழுத்தேன்.

வரவேற்பு வாலாஜாபாத்தில். எங்கள் லைன் கம்பெனி பஸ்ஸிலேயே வந்து முன்வரிசைகளில் உட்கார்ந்திருந்தது. நான் புது கோட்டில், அவள் பட்டில். மேடைப் படியில் கால் வைத்தோம். புல்லாங்குழல் எழுந்தது. பீப் இல்லை, நிஜமான புல்லாங்குழல். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

முன்வரிசைகள் மொத்தமாக எழுந்து நின்று மண்டபத்தின் கூரையைப் பார்த்தன. லைன் லீடர் கையிலிருந்த ஐஸ்கிரீமைப் பக்கத்து நாற்காலியில் போட்டுவிட்டு மேடைக்கு ஓடி வந்தார். வந்து சேர்ந்த பிறகுதான் அங்கே பழுது எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்லா இரு சார்" என்றார். அவர் ஓடியதைப் பார்த்து மற்றவர்களும் ஓடி வந்து பின்னால் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

"உங்க கம்பெனில உங்க மேல இவ்வளவு மரியாதையா!" என்று அவள் காதோரம் கேட்டாள்.

வயலின்கள் வந்து சேரும் இடத்துக்காக எத்தனையோ வருடம் காத்திருந்தேன். அவை வந்தபோது எந்தப் பூட்டு கோணல் என்றுதான் என் மனம் தேடிக்கொண்டிருந்தது.

முன்னிசை முடிந்ததும் திருநெல்வேலிக்காரன் ஆர்கெஸ்ட்ராவிடம் போய் எதையோ சொன்னான். அடுத்து அந்தக் குத்துப்பாட்டு. லைன் முழுவதும் ஆடியது. லைன் லீடர் ஆடினார். என் மாமனார் ஆடினார். "இது நல்லாருக்குல்ல?" என்று என் மனைவி காலால் தாளம் போட்டாள். எங்கள் இல்லறத்தின் முதல் கருத்து வேறுபாட்டை அன்றே தொடங்க வேண்டாம் என்று தலையாட்டி வைத்தேன். அவளைப் பார்த்து என் காலும் லேசாக ஆடியது, அவள் பட்டுச்சேலை மறைத்துவிட்டது.

இன்றும் அந்த முன்னிசை எங்கே கேட்டாலும் "நம்ம பாட்டு" என்று அவள் சத்தத்தைக் கூட்டுவாள். கல்யாண வீடியோவையும் போட்டுப் பார்ப்பாள். அதில் புல்லாங்குழல் தொடங்கியதும் நான் மேடையில் வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்துகிறேன். கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தேன் என்று அவள் எல்லோருக்கும் சொல்கிறாள். நிறுத்துவதற்காகக் கயிற்றைத் தேடினேன் என்று நான் இதுவரை சொன்னதில்லை.