மிச்சச் சோற்றில் எரியும் அடுப்பு: ஸ்ரீவராகம் போய் வந்தோம்

நாகர்கோவிலில் நானும் கணவர் செல்வராஜும் ஒரு சின்ன மெஸ் நடத்துகிறோம். கடைக்குப் பின்னால் இருக்கும் கழிவு வாளி நாறுகிறது, சரிசெய்யாவிட்டால் காலி செய்யுங்கள் என்று கட்டட உரிமையாளர் இரண்டு மாதம் முன்பு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சமையலறைக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் மெஸ் ஒன்று திருவனந்தபுரத்தில் இருப்பதாகத் தோழி சொல்ல, ஒரு சனிக்கிழமை பார்க்கக் கிளம்பினோம்.

காலை ரயில், சுமார் எழுபது கிலோமீட்டர். வழியெல்லாம் இவர் முணுமுணுப்புதான். "அந்த நாத்தத்துல யாரு உக்காந்து சாப்பிடுவா?" நிலையத்திலிருந்து மெஸ் இருக்கும் ஸ்ரீவராகம் இரண்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய்.

மெஸ் நடத்தும் மீனாட்சிக்கு என் வயதுதான் இருக்கும். வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "கேஸ் வண்டி வரலை, கேட்டேளா. சிலிண்டர் தீந்துடுத்து. பயோகேஸ் அடுப்பு ரெண்டுதான் இருக்கு. சித்தெ உக்காருங்கோ." பக்கத்து ஹோட்டல்கள் இரண்டும் கேஸ் இல்லாமல் அன்று அடைத்துவிட்டதால் அங்கே சாப்பிடுகிறவர்களும் இங்கே வந்து நின்றார்கள்.

உட்கார மனசு வரவில்லை. நான் வெண்டைக்காய் நறுக்கினேன், இவர் இலை போட்டார். சோறு, சாம்பார், ஒரு பொரியல், அவ்வளவுதான். யாரும் முகம் சுளிக்கவில்லை. "இது மதி சேச்சி" என்று, இதுவே போதும் என மலையாளத்தில் சொல்லி, ஓர் ஆட்டோக்காரர் மறுபடியும் சோறு வாங்கினார்.

கூட்டம் ஓய்ந்ததும் கொல்லைப்புறம் கைகழுவப் போன இவர், "ஆமா, அந்த பயோகேஸ் தொட்டி எங்க இருக்கு?" என்றார்.

"சாஞ்சிண்டு நிக்கறேளே, அதாக்கும்."

இவர் திரும்பி அந்தக் கறுப்புத் தொட்டியை முகர்ந்து பார்த்தார். நானும் மீனாட்சியும் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"ஊருக்கு நல்லதுன்னு நெனச்சு வெச்சேன்" என்றார் மீனாட்சி. "இப்போ மாசம் மூணு சிலிண்டர் மிச்சம். குப்பை எடுக்கறவாளுக்குக் குடுக்கற காசும் மிச்சம். இன்னிக்குக் கடையும் அடைக்கலை, அல்லே?"

இப்படி ஒன்று வைக்க நினைப்பவர்களுக்கு: உங்கள் கடைக் கழிவை ஒரு வாரம் எடைபோட்டுவிட்டுத் தொட்டியின் அளவை முடிவு செய்யுங்கள். எலுமிச்சைத் தோல் போடாதீர்கள். சிலிண்டரை அடியோடு நிறுத்த முடியாது. நேரில் பார்க்கப் போனால் மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு போங்கள், இல்லையென்றால் வெண்டைக்காய் நறுக்க வேண்டிவரும்.

எங்கள் கடையிலும் வைத்துவிட்டோம். வாளி போய்விட்டது; நாங்கள் காலி செய்ய வேண்டியிருக்கவில்லை. மூன்று வாரம் கழித்து முதல் நீலச் சுடர் எழுந்தபோது, இவர் அதில் எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார். இத்தனை வருடத்தில், எங்கள் கடையில் நான் உட்கார்ந்து குடித்த முதல் டீ அது.