மோசல் ஆற்றில் தண்ணீர் ஏறியபோது

மருமகன் டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் சொன்னார். முதலிலேயே கேட்டிருந்தால் தலையிடி, முழங்கால் நோவு என்று ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பியிருப்பேன்.

"மாமி, நாளைக்குக் கப்பல்ல போறம். மோசல் ஆத்துல சின்னப் பயணம்தான். ரெண்டு பக்கமும் திராட்சை மலை. ஜேர்மனிக்கு வந்துட்டு இதப் பாக்காமப் போனா ஊருல கேப்பாங்க."

இலங்கையில் எங்கள் ஊரான சாய்ந்தமருதில் அப்படிக் கேட்கக்கூடிய ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆனாலும் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். அவர் எங்கள் ஊருக்குக் கிட்ட மருதமுனைப் பிள்ளை, நல்ல குணம். இங்கே படிக்க வந்து, கணினி வேலை கிடைத்து, என் ஒரே மகளைக் கட்டிக் கூட்டி வந்தவர். நானும் கணவரும் முதல் பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருந்தோம். குழந்தைக்கு அப்போதுதான் தவழ வந்திருந்தது. எங்களுக்கு எதையாவது காட்டிச் சந்தோசப்படுத்த வேண்டுமென்று மருமகன் ஓடித் திரிந்தார். அந்த முகத்தைப் பார்த்து, எனக்குத் தண்ணீருக்குப் பயம் என்று எப்படிச் சொல்வது?

கடற்கரை ஊரில் பிறந்தவளுக்குத் தண்ணீருக்குப் பயம் என்றால் ஆட்கள் முதலில் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பிறகு அவர்களுக்கே காரணம் விளங்கிவிடும்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் மகளும் மட்டும்தான் வீட்டில் இருந்தோம். அவளுக்கு ஆறு வயது. கணவர் கட்டாரில் வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தார். கடல் உள்ளே போகிறது என்று ஆட்கள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். அவர்கள் திரும்பி ஓடி வந்தபோது பின்னால் தண்ணீரும் வந்தது. ஒழுங்கையின் இரு பக்கமும் மதில். நடுவில் நான், இடுப்பில் மகள். நெஞ்சுவரை தண்ணீர் வந்தபோது, பாதி கட்டிய மாடி வீடொன்றின் ஜன்னல் விளிம்பில் ஏறி நின்றேன். மேலே கொங்கிறீட் தளத்தில் முன்பின் தெரியாத ஒரு மனிதர் குப்புறப் படுத்துக்கொண்டு கையை நீட்டினார். மகளைத் தூக்கி நீட்டினேன். அவர் ஒரு கையால் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டார். அடுத்த தண்ணீர் என்னைக் கொண்டுபோனது.

எப்படியோ ஒரு முட்கம்பி வேலியில் சிக்கி உயிர் தப்பினேன். அதற்குப் பிறகு இத்தனை வருடமும் நான் பிடித்துக்கொண்டிருந்த ஆறுதல் ஒன்றே ஒன்று. மகள் மேலே போய்விட்டாள், அவள் எதையும் பார்க்கவில்லை, பச்சைப் பிள்ளை, மறந்துவிட்டாள். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கணவர் வந்து சேர்ந்தபோது ஊரே மையவாடியாக, புதைகுழிகளாகக் கிடந்தது. அவரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மருமகன் சொன்னபடி மறுநாள் கப்பலடிக்குப் போனோம். வெள்ளைக் கப்பல். கீழே கண்ணாடி ஜன்னல்கள் வைத்த மண்டபம், மேலே திறந்த தட்டு. கால் வைத்ததும் தரை இலேசாக அசைந்தது. "பிஸ்மில்லாஹ்" என்றேன்.

மண்டபத்தில் எல்லா மேசையிலும் வைன் கிளாஸ்கள் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கணவர் மருமகனைப் பார்த்தார்.

"இதுக்குள்ள எல்லாரும் குடிப்பாங்களா மகன்?"

"குடிப்பாங்க மாமா. இந்தப் பக்கத்துத் திராட்சை எல்லாம் அதுக்குத்தான். நாம பிளாஸ்க்குல கொண்டுவந்த பிளேன்டித் தேத்தண்ணியக் குடிப்பம்."

"இவ்வளவு நல்ல பழத்தச் சாப்பிடாம, அத அழுக வெச்சிக் குடிக்கிறாங்களே!"

மகள் சிரித்தாள். அவர்கள் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் படி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது மேலே போகும் படியைத்தான். கல்யாண மண்டபமானாலும் ஆஸ்பத்திரியானாலும் அதுதான். படிக்குப் பக்கத்து மேசையைக் காட்டி, "இஞ்ச இரிப்பம், காத்துப் படாது" என்றேன். மகள் குழந்தையின் வண்டிலை அங்கே தள்ளிக்கொண்டு வந்தாள்.

கப்பல் புறப்பட்டது. மருமகன் சொன்னது பொய்யில்லை. ஆற்றின் இரு கரையிலும் செங்குத்தான மலை. நிற்கவே முடியாத அந்தச் சரிவில் அடி முதல் உச்சிவரை திராட்சைக் கொடிகளை வரிசையாக நட்டிருந்தார்கள். இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. கூடை சுமந்த ஆட்கள் எறும்புபோல் ஏறி இறங்கினார்கள். கரையோரம் சின்னச் சின்ன ஊர்கள், தேவாலயக் கோபுரங்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். நான் அதில் பாதியைப் பார்த்தேன். மீதி நேரம் ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையெட்டும் தூரம்தான்.

கணவரும் மருமகனும் படம் பிடிக்க மேல்தட்டுக்குப் போய்விட்டார்கள். பக்கத்து மேசையில் ஒரு வயதான சோடி வெள்ளை வைனை ஊற்றிக்கொண்டு எங்கள் குழந்தைக்குக் கையசைத்தார்கள். அதன் புளித்த மணம் வந்தபோது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அப்போதுதான் கப்பல் வேகம் குறைவதை உணர்ந்தேன்.

ஒலிபெருக்கியில் யாரோ ஜேர்மன் மொழியில் ஏதோ சொன்னார். மண்டபம் மெல்ல இருளத் தொடங்கியது. ஜன்னலில் மலை இல்லை, கொடி இல்லை. ஒரு மதில் வந்து நின்றது. கறுத்த, ஈரம் சொட்டும், பாசி படிந்த மதில். அந்தப் பக்கம் திரும்பினேன். அங்கும் மதில். பின்னால் பார்த்தேன். நாங்கள் வந்த வழியை ஓர் இரும்புக் கதவு மூடிக்கொண்டிருந்தது.

"மகள், இது என்ன?"

அவள் வண்டிலின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தாள். கப்பலுக்கு அடியில் ஓர் உறுமல் கேட்டது. தண்ணீர் நுரைத்துக் கொதித்தது. கப்பல் நடுங்கி, மேசையில் இருந்த கிளாஸ்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. மதிலில் இருந்த பாசிக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் மறைந்தன.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

பக்கத்து மேசைக்காரர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு இருந்தார்கள். அவர்கள் பயப்படாததுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது. அன்றைக்குக் கடல் பார்க்கப் போனவர்களும் சிரித்துக்கொண்டுதான் போனார்கள்.

பிறகு நான் செய்ததை நான்தான் செய்தேனா என்று இப்போதும் யோசிக்கிறேன். வண்டிலில் இருந்த குழந்தையை வாரி எடுத்தேன். "எழும்பு! மேல போ!" என்று மகளின் தோளில் அடித்தேன். ஹபாயாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் ஓடினேன். "லா இலாஹ இல்லல்லாஹ்" என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மேல்தட்டுக்கு வந்தும் வெளிச்சம் வரவில்லை. அங்கும் இரு பக்கம் மதில். மதிலின் உச்சி எங்கள் தலைக்கு மேலே இருந்தது. அதன் கம்பி வேலியோரம் சைக்கிள்களோடு சில பேர் நின்று எங்களை எட்டிப் பார்த்தார்கள். அதில் ஒரு பெண், தலையில் கவசம், என் வயது இருக்கும்.

நான் கப்பலின் ஓரத்துக்கு ஓடினேன். குழந்தையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினேன்.

"புள்ளைய எடுங்க! அல்லாவுக்காகப் புள்ளைய எடுங்க!"

தமிழில்தான் கத்தினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு முழங்காலிட்டு, கம்பிக்குக் கீழால் இரு கைகளையும் நீட்டினாள். கப்பல் ஊழியர் யாரோ சத்தம் போட்டார். தட்டின் முன்பக்கத்திலிருந்து கணவர், "புள்ள! என்ன செய்யிறாய்?" என்று கத்திக்கொண்டு ஓடி வருவது கேட்டது. அதற்குள் மகள் பின்னாலிருந்து என்னை இறுக்கிக் கட்டிப் பிடித்துவிட்டாள். அவளது ஒரு கை குழந்தையின் காலைப் பற்றியிருந்தது.

"உம்மா, தாங்க. புள்ளைய என்னட்டத் தாங்க."

"நீயும் ஏறு. முதல்ல புள்ள, பொறகு நீ."

"உம்மா, இது சுனாமியில்ல. கப்பல மேல தூக்கிறாங்க. பாருங்க, நாமதான் மேல போறம்."

எனக்கு விளங்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் கிட்ட வருவது மட்டும் தெரிந்தது. முதலில் அவள் எங்களுக்கு உயரத்தில் இருந்தாள். பிறகு அவள் கை என் கைக்கு நேரே இருந்தது. மதில் தாழ்ந்துபோய்விட்டது. வெளிச்சம் வந்தது, மலை வந்தது. அவள் குழந்தையை வாங்கவில்லை. தூக்கியபடியே இருந்த என் கையில் தன் உள்ளங்கையை வைத்து ஏதோ சொன்னாள். நான் குழந்தையை இறக்கி மகளிடம் கொடுத்தேன். குழந்தை அழக்கூட இல்லை. நடுங்கிக்கொண்டிருந்தவள் நான்தான்.

முன்கதவு திறந்தது. கப்பல் நகர்ந்தது. அந்தப் பெண் மதிலோரம் முழங்காலிலேயே இருந்து நாங்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருமகன் வெளிறிப்போய் நின்றார். "மாமி, நம்மட குளத்துல வான்கதவு இரிக்கில்லா, அது மாதிரித்தான். ஆறு பள்ளமும் மேடுமா இரிக்கிறதால, கதவ மூடித் தண்ணிய விட்டுக் கப்பல ஏத்துவாங்க. முதல்லயே சொல்லியிருக்கோணும். மறந்துட்டன் மாமி. மன்னிச்சிக்கங்க."

"உங்கட பிழையில்ல மகன்" என்றேன். பற்கள் அடித்துக்கொண்டன. அவர் தன் மேல்சட்டையைக் கழற்றி என்மேல் போர்த்திவிட்டு, கப்பல்காரர்களிடம் விளக்கம் சொல்லப் போனார்.

மேல்தட்டில் இருந்த மர வாங்கில் நானும் மகளும் உட்கார்ந்தோம். கணவர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு எதிரே நின்றார். வெட்கம் வர இன்னும் நேரம் இருந்தது. பயம் மட்டும் கால் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மகளின் கையும் நடுங்குவதைக் கண்டேன்.

"உனக்கு என்ன? நான்தான் பைத்தியக்காரி மாதிரி ஓடினன்."

"நானும் இதுக்குள்ள வாற நேரமெல்லாம் கண்ண மூடிட்டுத்தான் இரிப்பன் உம்மா. அவருக்குத் தெரியா. இண்டைக்கு நீங்க பக்கத்துல இரிக்கிறீங்க எண்டுதான் மூடல்ல."

"நீ என்னத்துக்குப் பயப்படுறாய்? நீதான் அண்டைக்கு மேல போயிட்டியே. நீ ஒண்டும் காணல்லயே."

அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு கதைத்தாள்.

"மேல போனதாலதான் எல்லாத்தையும் கண்டன். நீங்க மேல பாத்துட்டு நிண்டீங்க, நான் கீழ பாத்துட்டு இருந்தன். உங்கட தலை தெரிஞ்சிச்சு. பொறகு தலை இல்ல. அந்த மனிசன் என்ட கண்ணப் பொத்தினாரு. நான் அவர்ர கையக் கடிச்சன். கண்ண மூடினா நீங்க வர மாட்டீங்க எண்டு நினச்சன்."

அவளை மேலே அனுப்பிவிட்டேன் என்ற ஒன்றை வைத்துத்தான் நான் இத்தனை வருடம் தூங்கியிருக்கிறேன். அங்கிருந்து அவள் எதைப் பார்த்திருப்பாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"ஏன் மகள் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க திரும்பப் பயப்படுவீங்க எண்டுதான். நீங்க ஏன் சொல்லல்ல?"

"நீ மறந்துட்டாய் எண்டு நினச்சன்."

கணவர் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். "நான் ஒண்டுமே கேட்டதில்லயே" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அவர் கண் கலங்கியதை நான் அன்றுதான் கண்டேன்.

பயணம் இன்னும் பாதி இருந்தது. மேலே இன்னொரு கதவு வரும் என்று மருமகன் தயங்கித் தயங்கிச் சொன்னார். நானும் மகளும் ஒரே நேரத்தில், "இறங்குவம்" என்றோம். அடுத்த துறையில் இறங்கினோம். கால் தரையில் பட்டதும் நடைபாதை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் கப்பல் எங்களை விட்டுவிட்டு வளைவில் திரும்பியது. பக்கத்து மேசைக்கார சோடி கையசைத்தார்கள்.

பஸ் வரும்வரை திராட்சைத் தோட்டத்து வேலியோரம் நின்று ஆறிப்போன பிளேன்டியைக் குடித்தோம். கணவர் அங்கேதான் முதல் தடவையாகக் கேட்டார். ஜன்னல் எவ்வளவு உயரம், அந்த மனிதர் யார், வேலி எந்தப் பக்கம் இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் தெரிந்ததைச் சொன்னேன். நான் தண்ணீருக்குள் போன பிறகு நடந்ததை மகள் சொன்னாள். அப்படி இருவரும் சேர்ந்து அந்தக் காலையை அவருக்குச் சொல்லி முடித்தோம். மருமகன் குழந்தையின் வண்டிலைப் பிடித்தபடி தலை குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

ஊருக்கு வந்து சில மாதம் ஆகிறது. சொல்லிவிட்டதால் பயம் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மழை நாளில் ஒழுங்கையில் தண்ணீர் நின்றால் இன்னும் நெஞ்சு அடிக்கிறது. சில வேளை கனவில் அந்தக் கறுத்த மதிலும் வருகிறது. போன கிழமை மகள் அழைத்தாள். குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டதாம், லீவுக்கு எல்லோரும் வருகிறார்களாம்.

"உம்மா, வந்தா கடக்கரைக்குப் போவமா? நீங்களும் நானும் மட்டும்."

எனக்கு உடனே 'ஓம்' என்று சொல்ல வரவில்லை. அவளும் அந்தப் பக்கத்தில் காத்திருந்தாள். அவள் மூச்சு விடுவது கேட்டது.

"முதல்ல வந்து சேருங்க மகள்" என்றேன். "வந்ததும் பாப்பம்."