மஹபூப் பாஷாவின் கஞ்சித்தொட்டி

ஆம்பூரில் மஹபூப் பாஷாவைவிட அதிகம் தருமம் செய்தவர்கள் உண்டு. அவரைப்போல் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் கிடையாது. ஆள் பச்சைத்தோல் தரகர். சீமையில் தோல் விலை விழுந்து, தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிய வருஷத்தில், வேலை போனவர்களின் பிள்ளைகளுக்குத் தன் கிடங்கிலேயே காலைக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார். அதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் கும்பிடப் போனால், "நான் இல்லன்னா இங்க அடுப்பே எரியாது" என்று தொடங்கி மதியம்வரை விடமாட்டார்.

அடுப்பை எரித்தவள் கெங்கம்மாள். தோல் தொழிற்சாலையில் வேலை இழந்தவள். தெருப் பெண்களை முறைவைத்து அழைத்துவந்து விறகு, தண்ணீர், அரிசி எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொண்டாள். பாஷாவின் வேலை கரண்டியைப் பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்வது. அதற்குள் கஞ்சி ஆறிப்போகும்.

கைக்காசு கரைந்து, அரிசி மூட்டையும் அடியைத் தொட்டது. இனி வாணியம்பாடித் தோல் முதலாளிகள் சேர்ந்து வைத்திருந்த தரும நிதி ஒன்றுதான் வழி. அதுவும் கைவிட்டால் பிள்ளைகளுக்குக் காலையில் பச்சைத் தண்ணீர்தான். பாஷாவுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. வாய்ச்சவடால் மனிதர்தான், ஆனால் இந்தக் கவலையில் பொய்யில்லை.

நிதிக்காரர்கள் எதைப் பார்த்துக் கொடுப்பார்கள் என்று ஊரெல்லாம் விசாரித்தார். திருப்பத்தூரில் ஒரு படிப்பகத்துக்கு இல்லையென்று சொல்லிவிட்டார்களாம். "நடத்தறவரு மக கல்யாணத்துக்குப் போய்ட்டாரு. அவரு வர்றவரைக்கும் படிப்பகம் பூட்டியே கெடந்துச்சு. அதான் தரல" என்று தோல் மண்டியில் ஒருவர் விளக்கினார்.

"பாத்தியா! ஆளு முக்கியம். ஆளு எடத்துல இருக்கணும்" என்று பாஷா தொடையைத் தட்டினார். மச்சானிடம் கல்யாண ஷெர்வானியை இரவல் வாங்கி, வெயிலில் உலர்த்தித் தயாராக வைத்தார்.

நிதியின் பெரியவர் முக்தார் அகமது, கூட்டாளி அப்துல் கஃபாருடன் ஒரு காலையில் குதிரை வண்டியில் வந்து இறங்கினார். பாஷா வாயைத் திறக்குமுன் தோளில் கைபோட்டு, "பாஷா பாய், வாங்க, ஒரு டீ குடிச்சிட்டு வருவோம். ஆற்காட்டு மக்கன் பேடா கொண்டாந்திருக்கேன்" என்றார். அப்துல் கஃபார் மட்டும் கிடங்கிலேயே தங்கினார்.

எந்தத் தோல் தரகரும் உஷாராக வேண்டிய இடம் இது. தோல் கட்டைப் பிரித்துத் தரம் பார்க்கும்போது, வாங்குகிறவர்கள் விற்கிறவனைப் பக்கத்தில் நிற்க விடமாட்டார்கள். ஓட்டையைக்கூடப் பேசியே அடைத்துவிடுவான். டீ வாங்கிக் கொடுத்து ஒதுக்குப்புறமாக உட்கார்த்திவிடுவார்கள். பாஷாவே எத்தனையோ பேரை அப்படி உட்காரவைத்தவர். ஆனால் அன்று பெரிய மனிதர் தோளில் கைபோட்ட பூரிப்பில், ஷெர்வானி வியர்வையில் நனைய நடந்தார்.

"நான் என் கையால ஊத்தலன்னா பசங்க குடிக்காது, சாஹிப். ஒரு நாள் வரலன்னா எல்லாம் பேஜாராய்டும்" என்றார் டீக்கடையில்.

"அப்படியா?" என்று முக்தார் அகமது அடுத்த பேடாவை நீட்டினார். பாஷா பேசினார், தின்றார், மறுபடியும் பேசினார்.

அவர்கள் திரும்பி வந்தபோது பிள்ளைகள் ஒருவரும் இல்லை. கழுவின அண்டா கவிழ்ந்து கிடந்தது.

"இன்னா கெங்கம்மா, நான் வர்றதுக்குள்ள?"

"ஆறிப்போய்டும் சாயபு. பசங்க பசியோட நின்னுச்சு, ஊத்திட்டேன்."

பாஷாவின் முகம் செத்துப்போயிற்று. காரியம் கெட்டது என்றே நினைத்தார். "சாஹிப், இன்னிக்கிதான் இப்டி… வழக்கமா நான் இல்லாம ஒண்ணும் நடக்காது. நம்புங்க!" என்று மன்றாடினார்.

அப்துல் கஃபாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பாய், அப்டிச் சொல்லிக் கெடுத்துடாதீங்க! நீங்க இல்லாம நடக்குதான்னு பாக்கத்தான் உங்கள அழைச்சினு போனாரு. ஜோரா நடக்குது. தொழில் சீராவறவரைக்கும் அரிசி எங்க பொறுப்பு."

பாஷா அழுதார். பிள்ளைகளுக்கு அரிசி வந்த சந்தோஷம் பாதி, மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் போனபின் கெங்கம்மாளிடம், "அப்ப நான் வேணாமா?" என்று கேட்டார்.

"நீங்க எடம் குடுக்கலன்னா நாங்க எங்க சாயபு அடுப்பு மூட்டறது? தெனம் வாங்க. கரண்டிய மட்டும் எங்கிட்ட குடுத்துடுங்க."

கொடுத்தார். அதையும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்: "நான் இல்லாமலே நடக்கற மாதிரி வெச்சிருக்கேன், பாத்துக்கோ!" எனக்கு அப்போது அந்த மனிதர்மேல் வந்த எரிச்சல் கொஞ்சமல்ல.

அடுத்த மாரிக்காலத்தில், பாஷா காய்ச்சலில் நாலு நாள் கிடந்து இறந்துபோனார். அன்று காலையும் நேரத்துக்குக் கஞ்சி ஊற்றினார்கள். கெங்கம்மாள் அழுதபடியே கிண்டியதில் உப்புப் போட மறந்துவிட்டாள். பிள்ளைகள் உப்புக் கேட்காமல் குடித்துவிட்டுப் போனார்கள்.