வலிக்கிற காலையில் வாங்க

வில்லியனூர் சாலையில் ஒரு ஒர்க் ஷாப்பில், லாரியின் பின்னால் மோதி மூக்குடைந்த காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். காலை நேரம். போன் அடித்தது. திரையில் "நஸீர் பாய்" என்றிருந்தது. வண்டியை நான் ஓட்டுகிற லட்சணத்தைப் பற்றித் திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "சொல்லுங்க பாய், இன்னைக்கு என்ன குத்தம் கண்டுபிடிச்சீங்க?" என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன். மறுமுனையில் அவருடைய மனைவி ஷமீம்.

"அக்கா, அவங்க மவுத்தாயிட்டாங்க. விடியக்காலைல."

சிரித்த வாயை மூட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒன்றரை வருஷமாக நோயில் இருந்தவர்தான். எதிர்பார்த்ததுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் எதிர்பார்க்கவில்லை.

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து நஷ்டம் எவ்வளவு என்று சொல்லும் இன்சூரன்ஸ் சர்வேயர் நான். ஒர்க் ஷாப் பில்களைப் படித்துப் படித்து மனித குலத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டவள். அப்படிப்பட்ட நான் கண்ணை மூடிக்கொண்டு வண்டியை ஒப்படைத்த ஒரே மனிதர் நஸீர் பாய். அவரைத் தெரிந்தவர்கள் புதுச்சேரியில் நிறைய. அவரோடு சண்டை போட்டவர்கள் அதைவிட நிறைய. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போதைய மோட்டார் சைக்கிள்களில், எஞ்சினுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று முடிவு செய்கிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. ஈ.சி.யூ. என்பார்கள். சைலன்சரையோ ஏர் ஃபில்டரையோ மாற்றிவிட்டால் கம்பெனி எழுதிவைத்த கணக்கு உதவாது. வேறு கணக்கு எழுத வேண்டும். முல்லா வீதிக்குப் பக்கத்துச் சந்தில், தன் வீட்டின் முன்பக்கத்து ஷெட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்து அதை எழுதிக்கொடுத்தவர் அவர்.

எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். சென்னையில் ஒரு கார் கம்பெனியில் இதே வேலையைப் பார்த்து, மேலதிகாரியோடு மோதிக்கொண்டு ஊர் திரும்பியவர். இறந்தவர்களை அடக்கமானவர் என்று எழுதுவது வழக்கம். நஸீர் பாயைப் பற்றி அப்படி எழுதினால் அவரே எழுந்து வந்து மறுப்பார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, மெல்லிய அத்தர் வாசனை. மெக்கானிக் என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர் வண்டியைத் தொட மாட்டார். சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிற மாதிரி செய்து தரச் சொல்லி வருகிற இளவட்டங்களை, "வெடிச் சத்தம்தான் வேணும்னா தீபாவளி வரைக்கும் பொறுத்துக்கப்பா" என்று வாசலோடு அனுப்பிவிடுவார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது சுற்றுவழியில். சில வருஷங்களுக்கு முன் எனக்கு விரல்களில் முடக்குவாதம் வந்தது. காலையில் எழுந்தால் வலது கை ஒரு பாட்டில் மூடியைக்கூடத் திருகாது. மத்தியானத்துக்கு மேல் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். டாக்டர் இருசக்கர வண்டியை விட்டுவிடச் சொன்னார். உறவினர்கள் ஸ்கூட்டர் வாங்கச் சொன்னார்கள். நான் போகிற சாலைகளில் ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்தையும் மணிக்கட்டில் வந்து சொல்லும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் பிடிவாதம். கணவர் போன பிறகு, அரியாங்குப்பத்திலிருந்து யார் தயவும் இல்லாமல் கிளம்பிப் போய், வேலையை முடித்துக்கொண்டு திரும்பி வருகிற அந்த ஒன்றுதான் என் வாழ்க்கையில் என் இஷ்டப்படி இருந்தது. அதை விரல்களுக்காக விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு சொல்தா வீட்டுப் பையன், தாத்தாவின் பிரெஞ்சு ராணுவப் பென்ஷனில் வளர்ந்தவன், பிரான்சுக்குப் போகிற அவசரத்தில் தன் மோட்டார் சைக்கிளை விற்றான். ஹேண்டில்பாரை உயர்த்தி, கிளட்சை இலகுவாக்கி வைத்திருந்தான். என் கைக்கென்றே செய்தது போலிருந்தது. சைலன்சரையும் ஃபில்டரையும்கூட மாற்றியிருந்தான், ஆனால் ஈ.சி.யூ.வை யாரும் தொடவில்லை. மெதுவாகப் போனால் வண்டி இருமும், குலுங்கும், திடீரென்று பாயும். ஒவ்வொரு குலுக்கலும் என் விரல்களில் ஊசியாக இறங்கும். மாற்றம் செய்த வண்டிகளுக்கு இழப்பீட்டைக் குறைத்து எழுதுகிற நானே அப்படியொரு வண்டியை வாங்கியதைப் பார்த்து, ஊருக்குத்தான் உபதேசம் என்று ஆபீசில் சிரித்தார்கள்.

ட்யூன் செய்பவர்களைத் தேடினேன். நகரத்தில் பளபளவென்று கடை வைத்திருந்த ஒரு தம்பி, லேப்டாப்பில் மலை மாதிரி ஏறுகிற கோட்டைக் காட்டி, "இதுக்கப்புறம் நீங்க தொட்டா போதும் மேடம், பறக்கும்" என்றார். எனக்குப் பறக்க வேண்டாம், ஊர்ந்தாலும் குலுங்காமல் ஊர வேண்டும் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. வெளியூர்க்காரர் ஒருவர் போனிலேயே, "வண்டி மாடல் சொல்லுங்க, ஃபைல் அனுப்பறேன், ஏத்திக்குங்க" என்றார். என் கையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "கையா? ட்யூனிங் பைக்குக்குத்தான மேடம்?" என்று கேட்டார். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒர்க் ஷாப்காரர் ஒருவர்தான், "முல்லா வீதிப் பக்கம் ஒருத்தர் இருக்காரு. ஆனா வாய் ஜாஸ்தி" என்றார். வாய்க்கு நான் சளைத்தவள் இல்லை என்று போனேன்.

ஒரு மத்தியானம். சந்தின் கோடிவரை ஓட்டிவிட்டு வரச் சொன்னார். வந்தேன். வண்டியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

"கை நல்லாத்தான இருக்குது?"

"இப்ப நல்லா இருக்கும் பாய். காலைலதான் மடக்க முடியாது."

"அப்ப எதுக்கு இப்ப வந்தீங்க? வலிக்கிற காலைல வாங்க."

"அந்த நேரத்துல ஓட்டிக்கினு வர்றதே கஷ்டமாச்சே."

"அதத்தான மேடம் நான் பாக்கணும்? நல்லா இருக்குற கைக்கு நான் எதுக்கு?" என்று லேப்டாப்பை மூடிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சந்துக்கே இனி வருவதில்லை என்று தீர்மானித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது: டாக்டர் உட்பட யாருமே அதுவரை என் கையை அது வலிக்கிற நேரத்தில் பார்க்க வேண்டும் என்று கேட்டதில்லை. கார்த்திகை மாதத்து ஈரக் காலை ஒன்றில், பல்லைக் கடித்துக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றேன். அவர் வண்டியில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார்.

"பிள்ளைச்சாவடி வரைக்கும் போயிட்டு வாங்க. எனக்காக நல்லா ஓட்டாதீங்க. வழக்கம்போல மோசமாவே ஓட்டுங்க."

திரும்பி வந்ததும் பெட்டியில் பதிந்திருந்ததை லேப்டாப்பில் பார்த்தார். "ஸ்பீட் பிரேக்கருக்கு ஸ்பீட் பிரேக்கர் ஆக்சிலேட்டர வுட்டு வுட்டுப் புடிக்கிறீங்க. வலியா, பயமா?"

"ரெண்டும்தான்."

"வலிக்கு நான் பொறுப்பு. பயத்த நீங்க பாத்துக்குங்க."

அப்படிப் பல காலைகள். ஷமீம் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இந்த வண்டிச் சத்தத்துல எனக்குக் குக்கர் விசிலே கேக்க மாட்டேங்குதுக்கா" என்று முறையிடுவார். பாய் காதில் வாங்க மாட்டார். மார்கழி முடிவதற்குள் அந்த வண்டி, நிறைந்த பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவரைப் போல அத்தனை பதமாகப் போனது. அரியாங்குப்பம் பாலத்தை முதல்முறை வலியில்லாமல் கடந்த காலையில் நான் ஹெல்மெட்டுக்குள் அழுதேன். இதை அவரிடம் சொன்னதில்லை.

அவரும் தப்பு செய்தார். ஒரு மாலை, கை நன்றாக இருந்த நேரம், பாலத்தின் நடுவே பஸ்ஸை முந்த ஆக்சிலேட்டரைத் திருகினேன். பதமாக்கி வைத்த வண்டி பாயாமல் யோசித்தது. எதிரே டெம்போ. எப்படி ஒதுங்கினேன் என்று இன்றும் தெரியவில்லை. மறுநாள் போய்க் கத்தித் தீர்த்தேன். எப்போதும் ஒன்றுக்குப் பத்தாகப் பதில் பேசுபவர், அன்றைக்கு வெளுத்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வலிக்கிற கைய மட்டுமே பாத்துட்டேன் மேடம். வலிக்காத கையும் உங்களதுதான்."

ஒரு வாரத்தில் ஹேண்டில்பாரின் இடப்பக்கம் சின்ன ஸ்விட்ச் ஒன்று வந்தது. ஒரு பக்கம் தள்ளினால் வலிக்கிற காலைக்கான கணக்கு, மறுபக்கம் நல்ல மாலைக்கானது. எது எது என்று தெரிய, வலிக்கிற பக்கத்தில் ஷமீமின் நகப்பாலிஷில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். "கல்யாணத்துக்குப் போட வெச்சிருந்தேன்" என்று ஷமீம் சண்டைக்கு வந்தது தனிக்கதை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வண்டி கிளம்பினால் கேட்டருகே வந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். சத்தம் பெரிய சாலையில் திரும்பி மறையும்வரை அசைய மாட்டார். ஏதாவது சரியில்லை என்று பட்டால், நாம் வீடு போய்ச் சேரும் முன்பே போன் வரும். எனக்குப் பெரும்பாலும் பாலத்துக்கு முன்னால் வரும். ஓரங்கட்டி எடுப்பேன். "இன்னைக்கு கியரு மாத்த யோசிக்கிறீங்க. விரல் வீங்கியிருக்குதா? டாக்டரப் பாருங்க" என்பார். வைத்தியருக்கு நாடி பிடிக்க மணிக்கட்டு வேண்டும். அவருக்கு வண்டிச் சத்தம் போதும். விரல்கள் வருஷத்துக்கு வருஷம் மாறின. அவரும் கூடவே கணக்கை மாற்றிக்கொண்டே வந்தார்.

பிறகு அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று சொன்னார்கள். மருந்து உடம்பை உருக்கியது. சட்டை மட்டும் இஸ்திரி கலையாமல் தோளில் தொங்கியது. வேலையைக் குறைத்துக்கொண்டார், என் வண்டியை விடவில்லை. கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தாவது கேட்பார். போனும் வந்தது. ஒரே ஒரு மாற்றம். நேரில் என்னைக் கேட்காமல் பெட்டியில் பதிந்ததையே பார்ப்பார். போனில் சொல்ல வேண்டியதைக் கரகரத்த குரலில் சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடுவார். நோயாளியானாலும் திமிர் குறையவில்லை என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

செய்தி வந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது சந்து முழுக்கச் செருப்புகள். மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் அவரைத் தோளில் சுமந்துகொண்டு போனார்கள். பெண்கள் வீட்டுக்குள் இருந்தோம். ஷெட்டில் லேப்டாப் மூடியிருந்தது. கூட்டம் குறைந்ததும் ஷமீம் என் கையைப் பிடித்துக்கொண்டார். மனதில் இருந்ததைச் சொன்னேன். "போன வாரம்கூடப் போன் பண்ணி, 'கிளட்ச அரையில புடிக்கிறீங்க, இடது கையும் ஆரம்பிச்சுடுச்சா'ன்னு கேட்டாரும்மா. இனிமே அப்படிக் கேக்க எனக்கு யாரு இருக்காங்க?"

ஷமீம் என்னையே பார்த்தார். "அவங்களுக்குக் காதே கேக்கலக்கா. ஒரு வருஷமா. அந்த மருந்து காத எடுத்துடுச்சு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

"அப்புறம் எப்படி?"

"அவங்க கேட்டாண்ட நிப்பாங்க. நான் சமையக்கட்டு ஜன்னலாண்ட நிப்பேன். வண்டி திரும்புனதும் உள்ள வந்து என் மூஞ்சியப் பாப்பாங்க. நான் ஒரு சீட்டுல எழுதிக் காட்டுவேன். அவங்க போன் பண்ணுவாங்க." முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கட்டிக்கினு வந்த நாள்லேந்து அதே ஜன்னல்தானக்கா. குக்கர் விசில் கேக்கலன்னு சொன்னது பொய். எல்லாந்தான் கேட்டுது."

அவர் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தேன். கணவரை இழந்தவர் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாக் காலம் ஷமீமுக்குத் தொடங்கிவிட்டது. வாசலுக்கு வந்து வழியனுப்ப முடியாது. நான் தனியாகவே வெளியே வந்து வண்டியைக் கிளப்பினேன். கேட்டருகே அந்த நாற்காலி காலியாக இருந்தது. மத்தியானம் தாண்டிவிட்டதால் பழக்கத்தில் ஸ்விட்சை நல்ல பக்கம் தள்ளிவிட்டிருந்தேன். ஆனால் அன்றைக்கு என் விரல்கள் நேரம் காலம் பார்க்கவில்லை. பிடித்தும் விட்டும், குலுங்கிக் குலுங்கித்தான் சந்திலிருந்து வெளியே வந்தேன்.

முருங்கப்பாக்கம் தாண்டி, பாலம் வருவதற்கு முன் போன் அடித்தது. ஓரங்கட்டினேன். திரையில் "நஸீர் பாய்" என்றிருந்தது.

"அக்கா, கை வலிக்குதா?" ஷமீமின் குரல் அழுது உடைந்திருந்தது. "சிவப்புல போட்டுக்குங்க."

பழக்கத்தில் போன் துண்டிக்கப்படும் என்று நினைத்தேன். துண்டிக்கப்படவில்லை. மறுமுனை என் பதிலுக்காகக் காத்திருந்தது.

"வலிக்குதும்மா" என்றேன். இடது கட்டைவிரலால் ஸ்விட்சைச் சிவப்புப் பொட்டின் பக்கம் தள்ளினேன். வண்டி சொன்னபடி கேட்டது.

போய் வாருங்கள், நஸீர் பாய். நான் மெதுவாகத்தான் பாலத்தைக் கடந்தேன். உங்கள் வீட்டு ஜன்னலில் கேட்டிருக்கும்.